உயர்தரத்துக்குப் பின் பாடநெறியும் புலமைப்பரிசிலும்: திருகோணமலை மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியான நாளிலிருந்து பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முடிவுத்திகதி வரையான சில வாரங்களில் திருகோணமலை, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி ஆகிய பகுதிகளின் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தொகைகளும் திகதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய பல்கலைக்கழக அனுமதிக் கைநூலையும் அறிவித்தலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதனை வாசிப்பது நல்லது.

முதலில் தெரிவு செய்ய வேண்டியது பாடநெறியையா, புலமைப்பரிசிலையா?

பாடநெறியைத்தான். புலமைப்பரிசில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குச் செலவைத் தாங்கும். பாடநெறியோ அதன்பின் வரும் முப்பது ஆண்டுத் தொழிலைத் தீர்மானிக்கும். உயிரியல் பிரிவில் கற்று, மருத்துவ ஆய்வுகூடத் துறைக்குப் போக விரும்பும் ஒரு பிள்ளை, எங்கோ ஒரு நிறுவனம் முகாமைத்துவப் பட்டத்துக்குக் கட்டணச் சலுகை தருகிறது என்பதற்காக அந்தப் பக்கம் திரும்பினால், இரண்டு ஆண்டு கற்ற இரசாயனவியலும் உயிரியலும் வீணாகிவிடும். ஆகவே, விரும்பும் துறைகள் இரண்டு மூன்றை முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடச் சேர்க்கையுடன் நுழையலாம் என்று பார்த்த பின்னர், அந்தத் துறைக்குப் பொருந்தும் உதவித்தொகையைத் தேடுவதே சரியான ஒழுங்கு. குடும்பத்தின் கையிருப்பு மிகக் குறைவாக இருந்தாலும் இந்த ஒழுங்கை மாற்ற வேண்டியதில்லை; அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் அறவிடப்படுவதில்லை.

இசட் புள்ளி எவ்வாறு கணிக்கப்படுகிறது? மூன்று ஏ எடுத்தவருக்கும் ஏன் இடம் கிடைக்காமல் போகிறது?

2001 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள இந்த முறையில், ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய அனைவரினதும் சராசரி கழிக்கப்பட்டு, வரும் விடை அப்பாடத்தின் நியம விலகலால் வகுக்கப்படும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கிடைக்கும் எண்களின் சராசரியே உங்கள் இசட் புள்ளி.

கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு பாடத்தில் 72 புள்ளி. சராசரி 48, நியம விலகல் 16 எனில் கிடைப்பது 1.5. இரண்டாவது பாடத்தில் 65 புள்ளி. சராசரி 50, விலகல் 15 எனில் 1.0. மூன்றாவது பாடத்தில் 58 புள்ளி. சராசரி 40, விலகல் 20 எனில் 0.9. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.1333. இங்கே 58 புள்ளி எடுத்த பாடமும் 65 புள்ளி எடுத்த பாடமும் ஏறத்தாழச் சமமான பயனையே தந்திருப்பதைக் கவனியுங்கள். பலரும் உயர்ந்த புள்ளி எடுக்கும் பாடத்தில் பெறும் ஏ சித்திக்கும், சராசரி தாழ்ந்த பாடத்தில் பெறும் ஏ சித்திக்கும் ஒரே எடை இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சித்திகளோடு உங்கள் சித்திகளை ஒப்பிடுவதில் பயனில்லை; பெறுபேற்றுத் தாளிலுள்ள இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும் மட்டும் பாருங்கள்.

இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் சித்தியும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் இருக்க வேண்டும். இந்தப் பொதுப் பரீட்சையைப் பொருட்படுத்தாமல் விடுவது நமது பாடசாலைகளில் பழகிப்போன ஒரு கெட்ட வழக்கம்.

திருகோணமலை மாவட்டத்துக்குத் தனிச் சலுகை இருப்பதாகச் சொல்கிறார்கள். அது என்ன?

பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்கள் மூன்று பங்காகப் பிரிக்கப்படுகின்றன. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வாய்ப்புக் குறைந்தவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அந்தப் 16 மாவட்டங்களில் ஒன்று. மட்டக்களப்பும் அம்பாறையும் அவ்வாறே. இதனால், ஒரே பாடநெறிக்கு நமது மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளி) கொழும்பு போன்ற மாவட்டங்களின் வெட்டுப்புள்ளியைவிடத் தாழ்ந்திருப்பது வழக்கம்.

உயர்தரத்துக்காக யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பாடசாலை மாறிச் சென்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் மாவட்டம் எது என்பதை நீங்கள் விரும்பியவாறு தீர்மானிக்க முடியாது; எந்தப் பாடசாலையில் எத்தனை ஆண்டு கற்றீர்கள் என்பதும் நிரந்தர வதிவிடமும் பார்க்கப்படும். கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை எழுத்தெண்ணிப் படித்துவிட்டே விண்ணப்பத்தில் மாவட்டத்தைக் குறியுங்கள்.

விருப்பத் தெரிவுகளை எந்த ஒழுங்கில் எழுத வேண்டும்? கிடைக்கக்கூடியதை முதலில் போடலாமா?

போடக்கூடாது. ஆண்டுதோறும் அதிகமான பிள்ளைகள் இழப்பது இந்த இடத்தில்தான். தெரிவு நடைபெறும்போது உங்கள் முதலாவது விருப்பம் முதலில் பரிசீலிக்கப்படுகிறது. அதற்கு உங்கள் புள்ளி போதுமானால் அந்த இடம் உங்களுக்கு. போதாவிட்டால் இரண்டாவது, பின் மூன்றாவது என இறங்கிப் போகும். எட்டாத பாடநெறியை முதலில் எழுதியதற்காகக் கீழேயுள்ள தெரிவுகளில் நீங்கள் எதையும் இழப்பதில்லை. ஆனால், 'இது நிச்சயம் கிடைக்கும்' என்று ஒரு பாடநெறியை மேலே எழுதிவிட்டால், அதுவே கிடைத்து, அதற்குக் கீழே எழுதிய, உண்மையில் விரும்பிய பாடநெறி பார்க்கப்படாமலேயே போய்விடும்.

முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளி ஒரு திசைகாட்டி மட்டுமே. இடங்களின் எண்ணிக்கை கூடினாலும் புதிய பாடநெறி தொடங்கினாலும் அது நகரும். அத்துடன், ஒரே பாடநெறி வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு குறியீட்டைக் கொண்டிருக்கும். பொறியியலை விரும்பும் ஒருவர் மொறட்டுவ, பேராதனை என்ற இரண்டோடு நிறுத்தாமல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தையும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் தொடர்ந்து எழுத வேண்டும். கிடைத்தாலும் போக மாட்டேன் என்று தெரிந்த பாடநெறியை எழுதாதீர்கள்.

கட்டடக்கலை, வடிவமைப்பு, மொழிபெயர்ப்புக் கற்கை, இசை, நடனம், சித்திரம் போன்ற பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டு. இவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக விரும்பிய பிள்ளைகள் இந்த இரண்டாவது விண்ணப்பத்தை அறியாமல் வாய்ப்பை விட்டது உண்டு.

ஊரிலேயே வளாகம் இருக்கும்போது வெளியூருக்கு ஏன் போக வேண்டும்?

பாடநெறி பொருந்தினால் போக வேண்டியதில்லை. நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலுள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம், முகாமைத்துவம், தொடர்பாடலும் மொழிகளும், சித்த மருத்துவம் ஆகிய துறைகள் கற்பிக்கப்படுகின்றன. சித்த மருத்துவத்தை இலங்கையில் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் இடங்கள் இதுவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மட்டுமே. உயிரியல் பிரிவினர் மருத்துவபீடம் தவறியதும் மனமுடைந்து இதனைக் கடைசி வரியில் எழுதிவிடுகிறார்கள், அது அவசரப்பட்ட முடிவு என்பது என் கருத்து.

மருத்துவம், தாதியியல், விவசாயம், தொழினுட்பம் என்றால் மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம் அருகிலுள்ளது. மூதூர், வெருகல் வழியாகக் கரையோர வீதியில் பேருந்து ஓடுகிறது. கொழும்பு செல்வோருக்கு இரவுப் புகையிரதம் உண்டு. பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், பாடநெறியை மாற்றச் சொல்வதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு விடுதி வழங்கப்படுகிறதா என்று விசாரிப்பதே முறை. பெரும்பாலும் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மஹாபொல யாருக்குக் கிடைக்கும்? அது போதுமா?

1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், அப்போதைய அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் உருவான மஹாபொல நம்பிக்கை நிதியம், அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் மாணவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவை வழங்குகிறது. சிறு பகுதி திறமை அடிப்படையிலும், பெரும் பகுதி பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தும் வழங்கப்படுகின்றது. மஹாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் ஊடாக நிதியுதவி, அதாவது பலரும் பேர்சரி என்று சொல்வது, உண்டு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், நிதியுதவி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

போதுமா என்றால், விடுதி கிடைத்தவருக்கு ஓரளவு கைகொடுக்கும்; வெளியில் அறை எடுத்துத் தங்குபவருக்குச் சாப்பாட்டுச் செலவையே முழுமையாக ஈடுசெய்யாது. முதல் கொடுப்பனவு பல்கலைக்கழகம் தொடங்கிய உடனே கைக்கு வரும் என்று எண்ணிவிடாமல், முதல் சில மாதங்களுக்கான செலவை வீட்டிலிருந்து ஒதுக்கி வையுங்கள். ஆண்டிறுதிப் பரீட்சையில் தவறி, அதே ஆண்டில் தங்கிவிடுபவரின் கொடுப்பனவு நிறுத்தப்படக்கூடும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வெளிநாட்டு அரசுகள் தரும் புலமைப்பரிசில்களில் எவை கவனிக்கத் தக்கவை?

நமது மாணவர்களுக்கு மொழியாலும் தூரத்தாலும் மிக அருகிலுள்ளவை இந்திய அரசின் திட்டங்கள். நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பொறியியல், விஞ்ஞானம், வர்த்தகம், பொருளியல், கலை முதலிய முதற் பட்டங்களுக்கு உரியது. ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம் தகவல் தொழினுட்பத்துக்கானது. இவற்றில் முழுக் கற்கைக் கட்டணம், மாதாந்தப் படி, தங்குமிடப் படி, நூல்களுக்கான ஆண்டுத் தொகை ஆகியவை அடங்கும். மருத்துவம் அடங்காது. இலங்கைக் கல்வி அமைச்சே விண்ணப்பம் கோரித் தெரிவு செய்வதால், இடைத்தரகர் எவருக்கும் இங்கே வேலையில்லை. 'சென்னையில் எனக்கு ஆளிருக்கிறது, இந்திய ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் திட்டம் தாராளமானது, ஆனால் கடினமானது. தூதரகத்தின் ஊடாக விண்ணப்பித்து, கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானப் பாடங்களில் எழுத்துப் பரீட்சையும் நேர்முகத் தேர்வும் தாண்ட வேண்டும். முதற் பட்டத்துக்கான காலத்தில் ஜப்பானிய மொழிக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பும் சேர்ந்திருக்கும். உயர்தரக் கணிதப் பிரிவில் உண்மையாகவே வலுவுள்ள பிள்ளை முயலலாம்.

சீனா, ரஷ்யா, துருக்கி, பாகிஸ்தான் அரசுகளும் இலங்கை மாணவர்களுக்கு இடம் தருகின்றன. இவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. ரஷ்ய அரசின் ஒதுக்கீட்டில் கற்கைக் கட்டணம் இல்லை. சிறிய படியொன்று கிடைக்கும். ஆனால் விமானச் சீட்டு, காப்புறுதி, அன்றாடச் செலவின் பெரும்பகுதி உங்கள் பொறுப்பு. ஆகவே எந்த அறிவித்தலைப் பார்த்தாலும் நான்கு செலவுகளைத் தனித்தனியே எழுதி, எது யார் கையிலிருந்து போகிறது என்று குறியுங்கள்: கற்கைக் கட்டணம், தங்குமிடம், மாதச் செலவு, போக்குவரத்து. கற்பிக்கும் மொழி எது, மொழிப் படிப்புக்கான ஆண்டு எத்தனை என்பவற்றையும் கேளுங்கள்.

வெளிநாட்டில் மருத்துவம் கற்று வந்தால் இங்கே வைத்தியராகலாமா?

ஆகலாம், ஆனால் அனுமதி தருவது நீங்கள் கற்கும் பல்கலைக்கழகம் அல்ல, இலங்கை மருத்துவ சபை. அச்சபை அங்கீகரித்த பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். உயர்தரத்தில் அச்சபை கோரும் குறைந்தபட்சப் பெறுபேறு இருக்க வேண்டும். திரும்பி வந்தபின் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பரீட்சையில் சித்தியடைய வேண்டும். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்புவதற்கு முன் இந்த மூன்றையும் உறுதி செய்யுங்கள். முகவர் காட்டும் வர்ணப் புத்தகத்தில் இவை சிறிய எழுத்தில்கூட இருப்பதில்லை.

ஏனைய துறைகளின் பட்டங்களுக்கு, அந்தப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் ஏற்றுக்கொள்ளப்படுகிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறலாம். அரச வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தக் கடிதம் கேட்கப்படும்.

தனியார் நிறுவனம் 'ஸ்கொலர்ஷிப்' தருவதாகக் கூறுகிறது. நம்பலாமா?

பெரும்பாலான வேளைகளில் அது கட்டணக் கழிவுதான். இருபது இலட்சம் ரூபா கட்டணத்தில் 30 சதவீதம் கழித்தால் ஆறு இலட்சம் குறையும். எஞ்சிய பதினான்கு இலட்சத்தை நீங்களே கட்ட வேண்டும். கழிவு முதலாம் ஆண்டுக்கு மட்டுமா, எல்லா ஆண்டுகளுக்குமா. குறிப்பிட்ட சராசரிப் புள்ளி குறைந்தால் அது நீக்கப்படுமா. பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் தனியேவா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும் பகுதி பவுணில் கணிக்கப்படுகிறதா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். 2022 இல் ரூபாவின் மதிப்பு விழுந்தபோது, பவுணில் தவணை கட்டிய குடும்பங்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள்.

அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் வேறொன்று. அங்கீகரிக்கப்பட்ட தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் கற்பதற்கு வங்கி தரும் கடனின் வட்டியை அரசு செலுத்தும். கடன் தொகையை நீங்கள் படிப்பு முடிந்தபின் திருப்பிக் கட்ட வேண்டும். அது கடன் என்ற நினைவோடு, தொழில் வாய்ப்புள்ள பாடநெறிக்கு மட்டும் எடுப்பது புத்திசாலித்தனம்.

பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதாவிட்டால்?

பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களுக்கே ஆண்டுதோறும் இடம் கிடைக்கிறது. எஞ்சியோருக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை. திருகோணமலை உயர் தொழினுட்பவியல் நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா கற்கலாம். தொழினுட்பக் கல்லூரியில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு தொடங்கினால், ஐந்தாம் ஆறாம் மட்டங்களில் டிப்ளோமாவும் ஏழாம் மட்டத்தில் பட்டமும் பெற வழியுண்டு. துறைமுகம், சீனன்குடா மாவாலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், உப்புவெளி நிலாவெளி விடுதிகள் ஆகியவை உள்ள மாவட்டத்தில் மின்னியல், குளிரூட்டல், உருக்கி ஒட்டுதல், விடுதி முகாமைத்துவம் ஆகியவற்றில் சான்றிதழ் பெற்றவருக்கு ஊரிலேயே கேள்வி இருக்கிறது. இதைச் சொன்னால் சில பெற்றோரின் முகம் சுருங்கும். கலைப் பட்டம் பெற்று ஆண்டுக்கணக்கில் நியமனம் கோரிப் போராடிய பட்டதாரிகளின் முகத்தையும் அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரியத் தொழிலை விரும்புவோருக்குத் தேசிய கல்வியியற் கல்லூரி மிகப் பாதுகாப்பான வழி. இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிக் கற்றலும் ஓராண்டு பாடசாலைப் பயிற்சியுமாக மூன்று ஆண்டுகள். விண்ணப்பம் வர்த்தமானியில் கோரப்படும். சேரும்போது பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பதால், இடையில் விலகினால் பணம் கட்ட நேரும் என்பதைத் தெரிந்து சேருங்கள்.

மீண்டும் ஒருமுறை பரீட்சை எழுதலாமா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்பவர் இரண்டாம் தடவை எழுதுவதில் பொருளுண்டு. மூன்றாம் தடவைக்கு முன், ஏற்கெனவே கிடைத்த இடத்தை விடுவதா என்பதைத் தீர யோசியுங்கள். ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டு, புதிய பெறுபேற்றுடன் மறுபடி விண்ணப்பிக்க முயல்பவருக்குக் கைநூலில் தடைகள் உள்ளன.

ஆங்கிலம் தெரியாமல் சமாளிக்கலாமா?

கலைப் பாடநெறிகள் சிலவற்றைத் தமிழில் கற்கலாம். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், கணினி என்பன ஆங்கிலத்தில்தான். பெறுபேறு வந்ததிலிருந்து வகுப்பு தொடங்கும் வரை பல மாதங்கள் கிடைக்கின்றன. அந்தக் காலத்தை ஆங்கிலத்துக்கு ஒதுக்கியவருக்கும் ஒதுக்காதவருக்கும் உள்ள வேறுபாடு முதலாம் ஆண்டுப் பெறுபேற்றில் தெரியும்.

எந்த ஆவணங்களை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும்?

முதலில் பெயரைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பனாரின் பெயர் முழுமையாகவும், அடையாள அட்டையில் அது முதலெழுத்தாகவும், பரீட்சைச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாகவும் இருப்பது நமது பகுதியில் சாதாரணம். இடப்பெயர்வுக் காலத்தில் பதிவுகள் மறுபடி எடுக்கப்பட்ட குடும்பங்களில் இது இன்னும் அதிகம். உள்நாட்டு விண்ணப்பத்துக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் எழுதிய சத்தியக் கடதாசி பல வேளைகளில் போதும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் கடவுச்சீட்டுப் பெயரும் சான்றிதழ்ப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், ஆகவே கடவுச்சீட்டு எடுக்கும் முன்னரே திருத்தத்தைச் செய்துவிடுங்கள்.

வருமானச் சான்றிதழைக் கிராம உத்தியோகத்தரிடம் பெற்று, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் இட வேண்டும். மீன்பிடி, கூலி வேலை, சிறு வியாபாரம் செய்யும் பெற்றோர் வருமானத்தை மாதத்துக்கா ஆண்டுக்கா எழுதுகிறோம் என்று பார்த்து எழுதுங்கள். மாத வருமானத்துக்குரிய கட்டத்தில் ஆண்டுத் தொகையை எழுதிவிட்டால் மஹாபொலவும் போகும், நிதியுதவியும் போகும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே செய்விக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டியிருப்பதால், முடிவுத்திகதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் நேரம் போதாது.